மார்த்தா ஸ்டூவர்ட்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

முறுக்குக்காரி (ஈசூன்)

வணக்கம். தீபாவளி வேலை ஒருவழியாக முடிந்தது. எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இன்றைக்குத்தான் உட்கார்கிறேன். நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒன்றை இங்கே போடுகிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எனக்குத் திருமணமான புதிதில் இங்கே சிங்கப்பூரில் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் ஒரு பழைய புத்தகக் கடையில், சமையலும் வீட்டு அலங்காரமும் சொல்லித்தந்து பெயர் வாங்கிய அமெரிக்கப் பெண்மணி மார்த்தா ஸ்டூவர்ட் நடத்திய இதழின் பழைய பிரதிகள் கட்டாகக் கிடந்தன. வாங்கி வந்தேன். எங்கள் மூன்றறை வீட்டுச் சமையலறையில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. அந்த இதழிலோ செம்புப் பாத்திரங்கள் உயரம் வாரியாகத் தொங்கும். கோழி முட்டைகளை நிற வரிசையில் அடுக்கியிருப்பார்கள். என் மாமியார் பார்த்துவிட்டு, "இந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதே இல்லையா?" என்று கேட்டார்.

ஆனால் அந்த அம்மாளின் கதையைப் படித்தபோது எனக்கு வேறு ஒன்று பிடித்துப்போயிற்று. அவர் பணக்கார வீட்டுப் பெண் அல்ல. 1941இல் நியூ ஜெர்சியில் ஒரு போலந்து வம்சாவளிக் குடும்பத்தில் ஆறு பிள்ளைகளில் இரண்டாவதாகப் பிறந்தவர். தைப்பதும் பதப்படுத்துவதும் தாயிடம், தோட்டம் போடுவது தந்தையிடம் கற்றது. விளம்பர மாடலாக இருந்து படிப்புச் செலவுக்குப் பணம் சேர்த்தார். பிறகு கனெடிகட் மாநிலத்தில் வெஸ்ட்போர்ட் என்ற ஊரில் 1805ஆம் ஆண்டுப் பண்ணைவீடு ஒன்றை வாங்கிக் கணவரும் அவருமாகச் செப்பனிட்டார்கள். 1976இல் அந்த வீட்டு நிலவறையில்தான் விருந்துச் சமையல் தொழில் தொடங்கியது. நிலவறை! நான் முதல் தீபாவளி ஆர்டரை எடுத்தபோது வீட்டில் இடமில்லாமல் மாவுச் சல்லடையைக் குளியலறை வாசலில் வைத்திருந்தேன். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர்மேல் எனக்குப் பாசம் வந்தது.

1982இல் விருந்தோம்பல் நூல், 1987இல் கேமார்ட் கடைகளோடு ஒப்பந்தம், 1990இல் இதழ், 1993இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி. 1997இல், இதழை வெளியிட்ட டைம் நிறுவனத்தின் பிடியிலிருந்து தன் பெயரைத் தானே விலைக்கு வாங்கிக்கொண்டார். 1999 அக்டோபரில் நிறுவனம் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது. அன்று காலை சந்தை வாசலில் வந்தவர்களுக்கு ஆரஞ்சுச் சாறும் பிரியோஷ் ரொட்டியும் பரிமாறினாராம். 18 டாலருக்கு விற்ற பங்கு அன்றே ஏறக்குறைய இரட்டிப்பானது. காகிதக் கணக்கில் அவர் கோடீசுவரி.

இப்படிப்பட்டவர் ஏன் பங்குச் சந்தையில் உள்தகவல் வியாபாரம் (ஊருக்குத் தெரியாத தகவலை வைத்துப் பங்கு வாங்குவது, விற்பது) செய்து சிறைக்குப் போனார்? பேராசை என்று மட்டும் சொல்லாதீர்கள். அது எனக்கும் தெரியும்.


தேக்கா வெற்றிலை

அக்கா, பேராசை என்று சொல்லாதே என்றால் நான் எழுத ஒன்றும் இல்லை. ஐந்து மாதம் புல்வெளி நடுவில் வேலி இல்லாத சிறை, பிறகு சொந்தப் பண்ணையில் வீட்டுக்காவல். இதற்குப் பெயர் வீழ்ச்சியா? கடையில் ஒரு டின் பால்மாவைத் திருடியவன் இதைவிடக் கூடுதலாக அழுதிருப்பான். பரிதாபப்பட வேறு ஆள் பாருங்கள்.


பழைய ரெமிசியர்

முறுக்குக்காரி அவர்களே, நல்ல கேள்வி. ஆனால் உங்கள் கேள்விக்குள்ளேயே ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தச் சட்டம் தெரிந்தவர் வருவார் என்று நினைக்கிறேன். நான் சந்தைப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். ஷென்டன் வேயில் முப்பது ஆண்டு ரெமிசியராக, அதாவது தரகுக்கூலிக்குப் பங்கு வாங்கி விற்றுத் தருபவனாக, காலம் தள்ளியவன். 1985 டிசம்பரில் பான் எலக்ட்ரிக் நிறுவனம் சரிந்து சந்தையையே மூன்று நாள் மூடியபோது நான் தொழிலுக்குப் புதியவன். வாடிக்கையாளர் கட்டாத பணத்தை நாங்கள்தான் கட்டவேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்தக் கதை இன்னொரு நாள்.

முதலில் ஒன்று. மார்த்தா சமையல்காரி மட்டும் அல்ல. 1973 வரை வால் ஸ்ட்ரீட்டில் பங்குத் தரகராகச் சில ஆண்டு வேலை பார்த்தவர். ஆகவே தரகர் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அவருக்குத் தெரியாது என்பதை நான் ஏற்கமாட்டேன்.

2001 டிசம்பர் 27. இம்குளோன் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவர் சாம் வாக்சல், மார்த்தாவின் நண்பர். அந்த நிறுவனத்தின் புற்றுநோய் மருந்தான எர்பிடக்ஸின் விண்ணப்பத்தை அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திருப்பி அனுப்பப்போகிறது என்று வாக்சலுக்கு முன்பே தெரிந்துவிட்டது. அவர் குடும்பத்தார் பங்குகளை அவசரமாக விற்கிறார்கள். வாக்சலுக்கும் மார்த்தாவுக்கும் மெரில் லிஞ்ச் தரகு நிறுவனத்தில் ஒரே தரகர், பீட்டர் பகனோவிச். அவர் அன்று விடுமுறையில் இருக்கிறார். மார்த்தாவின் செயலாளரிடம் காலையில் ஒரு செய்தி சொல்லி வைக்கிறார். மார்த்தா மெக்சிகோவுக்குப் போகும் வழியில், டெக்சாஸில் விமானத்துக்கு எரிபொருள் நிரப்ப நிறுத்திய இடத்திலிருந்து திரும்ப அழைக்கிறார். தரகரின் இளம் உதவியாளர் எடுத்து, வாக்சல் வீட்டார் விற்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறார். தன்னிடம் இருந்த 3,928 பங்குகளையும் மார்த்தா விற்கச் சொல்கிறார். கைக்கு வந்தது சுமார் 2,30,000 டாலர்.

மறுநாள் மாலை மருந்துச் செய்தி வெளியாகிறது. அடுத்த வணிக நாளில் பங்கு 16 விழுக்காடு விழுகிறது. அவர் தவிர்த்த நட்டம் 45,673 டாலர். கோடீசுவரிக்கு 45,673 டாலர்! நம் ஊர்க் கிழவிகள் சொல்வது இதைத்தான்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

கவனியுங்கள், மருந்து பற்றிய செய்தி அவருக்குத் தெரிந்ததாக யாரும் காட்டவில்லை. தெரிந்தது, இன்னொரு வாடிக்கையாளர் என்ன செய்கிறார் என்பது. அதை வெளியே சொல்வது தரகருக்குப் பாவம். எங்கள் தொழிலில் இந்த நோய் எப்போதும் உண்டு. "பெரிய ஆள் ஒருவர் தள்ளுகிறார்" என்று தொலைபேசியில் அரைக்குரலில் சொல்வதில் ஒரு சுகம். வாடிக்கையாளருக்கு நாம் வேண்டியவர் ஆகிவிடுகிறோம். நானும் அந்தக் குரலில் பேசியிருக்கிறேன். மறுப்பதற்கு இல்லை.


கிளமெண்டி இளையவன்

மன்னியுங்கள், ஒரு சந்தேகம். எனக்குத் தெரிந்த மார்த்தா ஸ்டூவர்ட், ராப் பாடகர் ஸ்னூப் டாக்கோடு சேர்ந்து தொலைக்காட்சியில் சமைத்தவர். 2023இல் 81 வயதில் விளையாட்டு இதழ் ஒன்றின் நீச்சலுடைச் சிறப்பிதழ் அட்டையில் வந்தவர். இவர் எப்போது விழுந்தார்?


கூண்டருகே

பெயரைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். நான் ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று நின்று கால் வீங்கியவன்.

ரெமிசியர் ஐயா விட்டுவைத்த பிழை இதுதான்: மார்த்தா உள்தகவல் வணிகத்துக்காகச் சிறைக்குப் போகவில்லை. அந்தக் குற்றம் அவர்மேல் குற்றவியல் வழக்கில் சுமத்தப்படவே இல்லை. உலகத்தில் பாதிப் பேர் உங்களைப் போலத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஆகவே வருந்தவேண்டாம்.

2003 ஜூன் 4ஆம் தேதி குற்றப்பத்திரிகை வந்தது. அன்றே அவர் நிறுவனத் தலைமையிலிருந்து விலகினார். குற்றச்சாட்டுகளில் மிகப் பெரியது பங்கு மோசடி. அதன் அடிப்படை விசித்திரமானது. "நான் குற்றமற்றவள்" என்று வெளியில் சொன்னதன் மூலம் தன் சொந்த நிறுவனப் பங்கின் விலையைத் தாங்கிப்பிடிக்கப் பார்த்தார் என்பது அரசுத் தரப்பின் வாதம். நீதிபதி மிரியம் சீடர்பாம் அதைத் தள்ளுபடி செய்துவிட்டார். மிச்சம் இருந்தவை நான்கு: சதி, விசாரணைக்கு இடையூறு, பொய்யான தகவல் அளித்ததாக இரண்டு. 2004 மார்ச் 5ஆம் தேதி நடுவர் குழு நான்கிலும் குற்றவாளி என்றது. அந்தத் தகவல்கள் சத்தியப்பிரமாணம் எடுத்துச் சொன்னவை அல்ல. விசாரணை அதிகாரிகளோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்தும், பிறகு ஒருமுறை தொலைபேசியிலும் சொன்னவை. அமெரிக்கக் கூட்டரசு அதிகாரியிடம் முக்கியமான விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னால் அதுவே குற்றம். நம் ஊரிலும் குற்றவியல் சட்டத் தொகுப்பின் 182ஆம் பிரிவு ஏறக்குறைய இதையே சொல்கிறது.

அவர் என்ன சொன்னார்? பங்கு 60 டாலருக்குக் கீழே போனால் விற்றுவிடலாம் என்று தரகரோடு முன்பே பேசி வைத்திருந்ததாகச் சொன்னார். தரகரும் அதையே சொன்னார். தரகரின் தாளில் இம்குளோன் பெயருக்கு எதிரே 60 என்ற குறிப்பு வேறு மையில் இருந்தது. அந்த மையைச் சோதித்த அரசு நிபுணர்மேலேயே பிறகு பொய்ச்சாட்சி வழக்கு வந்து, அவர் விடுதலையானார். பொய் ஆவணம் தயாரித்ததாகத் தரகர்மேல் இருந்த ஒரு குற்றச்சாட்டும் நிற்கவில்லை. ஆக, மை யாரையும் சிறைக்கு அனுப்பவில்லை.

என்னை உலுக்கியது அவருடைய செயலாளரின் சாட்சியம். டிசம்பர் 27 காலையில் தரகர் சொன்ன செய்தி கணினியில் பதிவாகியிருந்தது: இம்குளோன் கீழே இறங்கப்போவதாகப் பீட்டர் நினைக்கிறார் என்று. 2002 ஜனவரி 31ஆம் தேதி, வழக்கறிஞரோடு நீண்ட உரையாடல் முடிந்தபின், மார்த்தா செயலாளரின் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வரியை அழித்து, பீட்டர் இம்குளோன் தொடர்பாக அழைத்தார் என்று மாற்றினார். எழுந்தார். உடனே, பழையபடி மாற்றிவிடு என்றார். அவ்வளவுதான். ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ. அந்தச் செயலாளர் சாட்சிக் கூண்டில் முதலில் பேச வந்தபோது, மார்த்தா கிறிஸ்துமஸுக்கு அனுப்பியிருந்த பிளம் புடிங்கைப் பற்றிச் சொல்லி, மேலே பேச முடியாமல் அழுதுவிட்டார்.

கூண்டில் நான் பார்த்த பொய்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பெரிய திட்டம் எதுவும் கிடையாது. ஒரு வார்த்தையைத் திருத்துவார்கள், பயந்து பழையபடி வைப்பார்கள், பிறகு வைத்ததற்கு ஏற்ப இன்னொன்று சொல்வார்கள். நான் அதை ஆங்கிலத்தில் ஆக்கும்போது வாக்கியமே வழுக்கும். உண்மை சொல்பவரின் தமிழை மொழிபெயர்ப்பது எளிது. வினைச்சொல் எங்கே போகவேண்டுமோ அங்கே போய் நிற்கும்.


முறுக்குக்காரி (ஈசூன்)

ஐயா, நன்றி. இத்தனை ஆண்டும் தவறாகவே நினைத்திருக்கிறேன். அந்தப் பிளம் புடிங்கைப் படித்தபோது கை நின்றுவிட்டது.

கோசுக் காட்சியை யாரும் சொல்லவில்லையே? 2002 ஜூன் மாதம் சிபிஎஸ் தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சியில் வாராவாரம் போல் சமைக்க வந்திருக்கிறார். தொகுப்பாளர் இம்குளோன் விவகாரத்தைக் கேட்கிறார். இவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. முட்டைக்கோசை நறுக்கிக்கொண்டே, என் சாலட்டில் கவனம் செலுத்த விரும்புகிறேன் என்கிறார். மறுபடி கேட்கிறார்கள். மறுபடி கோசு. அந்தக் காணொளியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் பெரிய சண்டை நடக்கும்போது நானும் வெங்காயம்தான் நறுக்குவேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும்: கோபத்தில் நறுக்கியதால் துண்டுகள் ஒரே அளவில் இல்லை. அவருடைய இதழில் அப்படி ஒரு கோசு வந்தே இருக்காது.


தேக்கா வெற்றிலை

எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். அதே 2002 ஜூன் மாதம்தான் அவர் நியூயார்க் பங்குச் சந்தையின் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். அக்டோபரில் விலகினார். சந்தைக்கு விதி போடும் மேசையில் நாற்காலி, மறுபக்கம் இந்தக் கதை. செயலாளருக்குப் புடிங் அனுப்பியவர்தானே அவரைச் சாட்சிக் கூண்டில் ஏறும் நிலைமைக்குத் தள்ளினார்? அழுதது யார், அனுப்பியது யார் என்று பாருங்கள்.


தையல் பெட்டி (ஹவ்காங்)

வெற்றிலை அண்ணன் சொல்வதில் பாதி நியாயம். மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் என்ரான், வேர்ல்டுகாம் என்ற நிறுவனங்களில் மலை மலையாகப் பணம் காணாமல் போனது. ஆயிரக்கணக்கானோர் ஓய்வூதியத்தை இழந்தார்கள். அப்படியிருக்கும்போது இரவு நிகழ்ச்சிகளில் கேலிக்கு எடுத்துக்கொண்ட முகம் யாருடையது? மேசைவிரிப்பை எப்படி மடிக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்த பெண்ணுடையது. சிறைச்சீருடைக்கு எந்த நிறத் திரைச்சீலை பொருந்தும் என்று எத்தனை நகைச்சுவைகள்! இதே குணமுள்ள ஆணுக்குக் கண்டிப்பானவர் என்று பட்டம் கொடுத்திருப்பார்கள்.


கூண்டருகே

தங்கையே, கேலி பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. தீர்ப்பைப் பற்றியும் அப்படியே சொல்ல எனக்குத் தயக்கம். அந்த நடுவர் குழுவில் 8 பெண்கள், 4 ஆண்கள். வாக்சலுக்கு 7 ஆண்டு 3 மாதச் சிறை. தரகருக்கும் மார்த்தாவைப் போலவே ஐந்து மாதம். நீதிபதி மார்த்தாவுக்குக் கொடுத்தது, தண்டனை விதிகள் அனுமதித்த மிகக் குறைந்த அளவு: ஐந்து மாதச் சிறை, ஐந்து மாத வீட்டுக்காவல், 30,000 டாலர் அபராதம். அவர் பெண் என்பதற்காக வழக்குப் போட்டார்களா என்றால், பிரபலமானவர் என்பதற்காகப் போட்டார்கள் என்பதே என் எண்ணம். வழக்கைத் தொடுத்த அரசு வழக்கறிஞர் ஜேம்ஸ் கோமி. பின்னாளில் எஃப்பிஐ தலைவராகி அதிபர் டிரம்ப்பால் பதவி நீக்கப்பட்ட அதே கோமிதான். பிரபலத்தைப் பிடித்தால் ஊருக்கே பாடம் நடத்தியதுபோல் ஆகும் என்பது எல்லா நாட்டு வழக்கறிஞர்களுக்கும் தெரியும்.

ஆனால் பாடத்துக்கு ஆள் தேடியவரிடம் போய்த் தானே உட்கார்ந்து பொய்யைச் சொல்லிக் கொடுத்தது யார்? நம் ஊர் முறைப்படி யோசித்துப் பாருங்கள். இங்கே உள்தகவல் வணிகத்தில் சிங்கப்பூர் நாணய ஆணையம் உரிமையியல் வழக்கிலேயே முடிக்கலாம். தண்டத்தொகை கட்டினால் போதும். மார்த்தாவும் 2006இல் அங்கே இதே வழக்கை உரிமையியல் முறையில் சுமார் 1,95,000 டாலர் கட்டி முடித்துக்கொண்டார், கூடவே ஐந்து ஆண்டுகளுக்கு நிறுவன இயக்குநர் பதவி கூடாது என்ற தடையும். முதல் நாளே வாயைத் திறக்காமல் வழக்கறிஞரை அனுப்பியிருந்தால், பெரும்பாலும் அந்தத் தொகையோடு முடிந்திருக்கும். இது என் ஊகம்தான்.


கிளமெண்டி இளையவன்

அப்படியானால் என் கேள்வி இன்னும் நிற்கிறது. சிறையிலிருந்து வந்து மறுபடி பிரபலமாகிவிட்டார். எல்லாரும் "எழுந்து வந்தார்" என்றுதான் பேசுகிறார்கள். வீழ்ச்சி எங்கே?


பழைய ரெமிசியர்

தம்பி, இதற்காகத்தான் காத்திருந்தேன். ஆளைப் பார்க்காதே, பங்கைப் பார்.

சிறை அவர் நிறுவனத்தைக் கொன்றது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அவர் உள்ளே இருந்தபோது பங்கு ஏறியது! மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, வசந்த காலத்தில் தோட்டத்துக்குத் திரும்பவேண்டும் என்று சொல்லி 2004 அக்டோபர் 8ஆம் தேதி மேற்கு வர்ஜீனியாவில் ஆல்டர்சன் சிறைக்குத் தானே போய் நின்றார். அமெரிக்கர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. 2005 மார்ச்சில் வெளியே வந்தார், செப்டம்பரில் இரண்டு புதிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகள். ஊரெல்லாம் கைதட்டல்.

கைதட்டல் கணக்கேட்டில் ஏறாது. நிகழ்ச்சி ஒன்று முதல் பருவத்தோடு நின்றது. மற்றொன்று ஒளிவழி மாறி 2012இல் முடிந்தது. சரக்கு விற்ற கேமார்ட், வழக்குக்கு முன்பே, 2002 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டிருந்தது. பிறகு மேசீஸ் கடையோடு ஒப்பந்தம். அது இருக்கும்போதே 2011 கடைசியில் ஜேசி பென்னி அவர் நிறுவனத்தில் பங்கு வாங்கிற்று. மேசீஸ் வழக்குப் போட்டது. ஒரே தட்டை இரண்டு கடைக்காரர்கள் இழுத்த கதை. அதற்கிடையில் இதழ்களுக்கு விளம்பரம் வற்றிவிட்டது. கோசு எப்படி நறுக்குவது என்று இணையத்தில் இலவசமாகச் சொல்லித்தர ஆயிரம் பேர் வந்துவிட்டார்கள்.

2015இல் நிறுவனம் 353 மில்லியன் டாலருக்கு விற்கப்பட்டது. ஒரு பங்குக்கு 6.15 டாலர். முதலில் விற்ற விலை 18 என்று முறுக்குக்காரி எழுதியதை நினைவில் வையுங்கள். 2019இல் அதுவும் கைமாறியது. எமரில் லகாசே என்ற இன்னொரு சமையல்காரரின் பெயர் உரிமையையும் சேர்த்து 175 மில்லியன். எமரிலின் உரிமையை மட்டும் வாங்க மார்த்தாவின் நிறுவனம் 2008இல் 50 மில்லியன் கொடுத்திருந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்.

நீ காணும் மார்த்தா பிழைத்துக்கொண்டார். நன்றாகவே பிழைத்துக்கொண்டார். அவர் கட்டிய கடைதான் விழுந்தது, அதுவும் சத்தமில்லாமல், கேமரா எதுவும் பார்க்காத நேரத்தில்.


தேக்கா வெற்றிலை

ரெமிசியர் ஐயா, இதைப் படித்தபின் என் முதல் பதிவில் பால்மா டின் எடுத்துக்காட்டைத் தவிர மற்றதை மாற்றிக்கொள்கிறேன். வீழ்ச்சிதான். ஆனால் பங்கை 18க்கு வாங்கி 6.15க்கு விட்டவர்கள் பெயர் எந்த இதழ் அட்டையிலும் வரவில்லையே. அவர்களுக்காக யாராவது ஒரு இழை தொடங்குங்கள்.


முறுக்குக்காரி (ஈசூன்)

வெற்றிலை அண்ணன் சொல்வதும் சரிதான். அந்த நிறுவனத்தின் தொடக்க அறிக்கையிலேயே, எங்கள் தொழில் ஒரே ஒருவரின் பெயரையும் முகத்தையும் நம்பி இருக்கிறது, அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் பாதிக்கப்படுவோம் என்று எச்சரித்திருந்தார்களாம். படித்துவிட்டுத்தான் வாங்கினார்களா?

இதை ஏன் இத்தனை தோண்டுகிறேன் என்றால், என் மகள் இந்த ஆண்டு முறுக்கு டப்பாவில் ஒட்ட ஒரு படம் வரைந்து கொண்டுவந்தாள். என் முகம். பொட்டு, மூக்குத்தி, எல்லாம். "அம்மா, முறுக்கு எல்லாரும் செய்கிறார்கள். உங்கள் முகம்தான் நம்முடையது" என்றாள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) விதிப்படி வெளியாளை வேலைக்கு வைக்கக் கூடாது, ஆகவே இந்தத் தொழிலில் நானும் அவளும்தான். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். சொல்லத் தெரியவில்லை. போன ஆண்டு ஒரு தட்டு அதிரசம் பிசகி உதிர்ந்துபோனது. ஒரு வாடிக்கையாளரிடம் "வழியில் குலுங்கியிருக்கும்" என்று சொல்லிவிட்டேன். பாகு பதம் தவறியது என்று எனக்குத் தெரியும். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். டப்பாவில் என் முகம் இருந்திருந்தால் அந்த அதிரசம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கும்.


கூண்டருகே

அம்மா, அந்த வாடிக்கையாளர் அமெரிக்கக் கூட்டரசு அதிகாரி அல்லவே? பிறகென்ன.

(சிரிப்புக்குச் சொன்னேன். பாகு பதம் எப்படிப் பார்க்கிறீர்கள்? என் மனைவி காலமானபின் வீட்டில் அதிரசம் வருவதே இல்லை.)


முறுக்குக்காரி (ஈசூன்)

ஐயா, தண்ணீர் இருக்கும் கிண்ணத்தில் ஒரு சொட்டுப் பாகை விட்டு விரலால் திரட்டிப் பாருங்கள். கரையாமல் மெத்தென்று உருண்டு வந்தால் உடனே இறக்கிவிடவேண்டும். ஒரு நிமிடம் கூடினாலும் அதிரசம் கல்லாகிவிடும். உங்கள் வீடு ஈசூனுக்கு அருகில் என்றால் சொல்லுங்கள், கொஞ்சம் மாவு மிச்சம் இருக்கிறது.


தையல் பெட்டி (ஹவ்காங்)

பேச்சு பாகுக்குப் போய்விட்டதால் நான் வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். மார்த்தா சிறையிலிருந்து வெளியே வந்த இரவில் சாம்பல் நிறத்தில் ஒரு பின்னல் போர்வைச் சட்டை அணிந்திருந்தார். போன்சோ என்பார்கள். கூட இருந்த கைதி ஒருவர் அவருக்காகப் பின்னிக்கொடுத்தது. படம் வெளிவந்ததும் அமெரிக்கப் பெண்களெல்லாம் அதைப் பின்ன ஆசைப்பட, நூல் விற்கும் நிறுவனம் ஒன்று அந்த மாதிரியைப் பார்த்துப் பின்னல் முறையையே இலவசமாக வெளியிட்டது.

நான் அதை அப்போதே அச்செடுத்து வைத்தேன். பாதிவரை பின்னினேன். நம் ஊர் வெயிலில் கம்பளி நூல் போன்சோவை எங்கே போட்டுக்கொள்வது? அந்தப் பாதி இப்போது என் தையல் இயந்திரத்துக்கு உறையாகக் கிடக்கிறது. யாருக்காவது முறை வேண்டுமென்றால் தனிமடல் அனுப்புங்கள். தாள் கொஞ்சம் மஞ்சளாகிவிட்டது, எழுத்து தெரிகிறது.